வயிறு செய்த சத்தியம்

வயிறுகள் வாய்விட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. ஆடு மாடு, நாய் பூனை, மனிதர் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். அது போதாதென்று அவரவர் வயிறும் தனியாகப் பேசியது. இப்போது போல முனகலோ உறுமலோ இல்லை, நல்ல தெளிவான பேச்சு. "பசிக்கிறது" என்று சொல்லும். "போதும், கையைக் கழுவு" என்று சொல்லும். "அந்தக் குட்டைத் தண்ணீர் ஆகாது, தொடாதே" என்று சொல்லும். நாயின் வயிறு, இன்றைக்குச் சோறு வேண்டாம், நாலு அருகம்புல்லைக் கடி என்றால் நாய் புல்லைக் கடித்தது. ஆட்டின் வயிறு இந்தத் தழை விஷம் என்றால் ஆடு அடுத்த செடிக்குப் போனது. மனிதரும் அப்படித்தான் கேட்டு நடந்தார்கள். அந்த நாளில் வைத்தியர் என்று ஒருவர் கிடையாது. இருந்தாலும் அவருக்கு என்ன வேலை?

ஒரே ஒரு தொல்லை, வயிறு பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். நாய்க்கு அதில் வெட்கம் இல்லை. மனிதருக்குத்தான் மானம் என்று ஒன்று முளைத்துத் தொலைத்ததே.

அந்த நாளில் வழியில் கண்டவரையும் வீட்டுக்கு வந்தவரையும் "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு தரம் கேட்பார்கள். மறுதரம் கேட்கிற வழக்கம் கிடையாது. வாய் பொய்யாக "ஆச்சு" என்றாலும், வயிறு "எங்கே ஆச்சு?" என்று போட்டு உடைத்துவிடும். அப்புறம் எதற்கு இன்னொரு கேள்வி? இரண்டாம் தரம் கேட்டால், உன்னையும் நம்பவில்லை, உன் வயிற்றையும் நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்காக வெட்டுக்குத்து வரை போனவர்கள் உண்டு.

அப்போது ஆற்றங்கரை ஊரில் மூக்கன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஒரே தங்கை, உலகம்மா. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவன்தான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தான். வளர்த்து, ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தான்.

கட்டிக்கொடுத்த கொஞ்ச காலத்தில் மழை பொய்த்தது. மறுவருஷமும் பொய்த்தது. உலகம்மாவின் புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் மேய்ச்சல் தேடிப் போனான். போனவனைப் பற்றித் தகவல் இல்லை. கம்பும் சோளமுமாய்ப் பானையில் இருந்த தவசம் அடியைத் தொட்டது. அவள் வயிறு தன் வேலையைச் செய்தது. விடிந்தால் "பசிக்கிறது", உச்சிக்கு "பசிக்கிறது", பொழுது சாய்ந்தால் "பசிக்கிறது". அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஒரு நாள் கிணற்றடியில் அவள் வயிறு அப்படிச் சொன்னபோது, குதிர் நிறைய தவசம் வைத்திருந்த ஒருத்தி பக்கத்தில் நின்றாள். ஒரு படி அள்ளிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, பேசினாள். பிறந்த வீட்டில் வயிறாரச் சோறு கண்டிருந்தால் இந்த வயிறு இப்படிக் கூவுமா என்று கேட்டாள். தன்னைச் சொல்லியிருந்தால் உலகம்மா பொறுத்திருப்பாள். அவள் அண்ணனையல்லவா சொன்னாள்? அந்தச் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தெருவில் போனவர் சொன்னார், உன் அண்ணன் தலையில் மூட்டையோடு ஆற்று மணலில் வந்துகொண்டிருக்கிறான் என்று. அவளுக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். அண்ணன் வீட்டிலும் பஞ்சம்தான், நாலு பிள்ளைகள் வேறு. மூட்டையில் இருப்பது அந்தப் பிள்ளைகளின் வாய்க்குப் போக வேண்டியது. நம் வயிறு ஒரு சொல் சொன்னால் போதும், அண்ணன் மூட்டையை இங்கே இறக்கிவிட்டு வெறுங்கையோடு போய்விடுவான். அங்கே பிள்ளைகள் சுருண்டு கிடக்கும்.

அவள் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு கெஞ்சினாள். "அண்ணன் வருது. ஒண்ணும் பேசிடாதே."

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதே, உலகம்மா" என்றது வயிறு.

பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றாள். அது முடியாது என்றது. பசித்தால் சொல்வதற்குத்தானே நான் இருக்கிறேன், சொல்லாவிட்டால் நீ செத்துப்போவாய் என்றது. அதற்குள் தெருமுனையில் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. அவசரத்தில் அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது.

"இனிமேல் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு. பெத்த வயித்து மேல சத்தியம் பண்ணு."

தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கலாம். விளக்கை அணைத்து வாங்கலாம். ஒரு வயிற்றிடம் போய்ப் பெற்ற வயிற்றின் மேல் சத்தியம் வாங்குவார்களா? அதுவும் அண்ணன் போகிற வரைக்கும் என்று கெடு வைக்காமல்? பாவம், அவள் என்ன கண்டாள்.

பெற்ற வயிற்றின் பேரைச் சொல்லிக் கேட்டால் எந்த வயிறு மறுக்கும்? "சரி" என்றது. மனித வயிறு முழுசாகப் பேசி முடித்த கடைசிச் சொல் அதுதான்.

பெற்ற வயிற்றுக்கும் பெற்ற வயிறு ஒன்று உண்டல்லவா? சத்தியம் அவள் தாயின் வயிற்றுக்குப் போனது, தாயின் தாய்க்குப் போனது. அப்படியே ஏறி, முதல்முதலாகப் பிள்ளை பெற்றவளின் வயிறு வரைக்கும் போய், அங்கிருந்து இறங்கி அவள் வழியில் பிறந்த அத்தனை பேர் வயிற்றிலும் பூட்டுப் போட்டுவிட்டது. தெருமுனை திரும்பிக்கொண்டிருந்த மூக்கனின் வயிறு, "போனதும் முதலில் தண்ணீர்" என்று ஆரம்பித்தது. "குடி" என்று முடிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

உலகம்மா வாசலுக்கு வந்து, "வாண்ணே" என்றாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் மூட்டையை இறக்காமலே, "சாப்பிட்டாச்சா தாயி?" என்று கேட்டான்.

"ஆச்சுண்ணே."

அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவள் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. மூட்டையைச் சுவரோரம் வைத்தான், அவிழ்க்கவில்லை. அவள் சட்டியில் இருந்த கடைசிக் கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். வெயிலுக்கு ஆறின கஞ்சிதான் நல்லது, நான் சூடாகவே சாப்பிட்டுவிட்டேன் என்றாள். உள்ளேயிருந்து பூனை ஒன்று வந்து சோம்பல் முறித்து, அவன் காலில் உரசிவிட்டுப் போனது. காலில் சாம்பல் ஒட்டிக்கொண்டது. அவன் தட்டிவிட்டுக்கொண்டான்.

கஞ்சியைக் குடிக்கும்போது அவன் அடிவயிறு கலங்கியது. புளியைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. அதுவரை அப்படி ஒரு மனிதனுக்கும் ஆனதில்லை. இன்னொரு தரம் கேள், இன்னொரு தரம் கேள் என்று அது முட்டி மோதியது, பாவம், சொல்தான் வரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேட்டுவிடலாமா என்று நினைத்தான். கட்டிக்கொடுத்த வீட்டில் போய் இரண்டாம் தரம் கேட்டால் அவளுக்கல்லவா தலைகுனிவு என்று வாயை மூடிக்கொண்டான். நடந்து வந்த களைப்பு, கஞ்சி புளித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பொழுது சாய, மூட்டையை மறுபடி தலையில் ஏற்றி, "போயிட்டு வரேன்" என்று கிளம்பினான். அவன் மறைகிற வரைக்கும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பதற்கு அந்தக் கதவு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு எந்த ஊரிலும் யார் வயிறும் பேசவில்லை, பஞ்சத்தில் அவையும் ஓய்ந்துவிட்டன என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். சில நாள் கழித்து அந்தப் பூனை ஆற்றைக் கடந்து மூக்கன் வீட்டுக்கு வந்தது. பூனை யார் விஷயத்திலும் தலையிடாது, கேட்டால்தான் சொல்லும். என் தங்கச்சி வீட்டை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று மூக்கன் அதைக் கேலியாகக் கேட்டான்.

"அங்கே எலிகூட இல்லை. படுக்க மட்டும் நல்ல இடம் இருந்தது, அடுப்புக்குள்ளே" என்றது பூனை. "நீ வந்த அன்றைக்கும் அங்கேதான் படுத்திருந்தேன்."

மூக்கன் காலைக் குனிந்து பார்த்தான், சாம்பல் இன்னும் ஒட்டியிருப்பது போல. பிறகு மூட்டையில் மிச்சமிருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெயிலில் ஆற்று மணல் கொதித்தது, செருப்பு எங்கோ விழுந்தது.

உலகம்மா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது. அவன் அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சி காய்ச்சி, அவள் தலையை மடியில் வைத்துப் புகட்டினான். கஞ்சி உள்ளே இறங்கவில்லை, கடைவாய் வழியே வழிந்தது. அப்போதுதான் அவன், மனிதர் கேட்கக் கூடாதென்று விட்டிருந்த இரண்டாம் கேள்வியைக் கேட்டான்.

"நிஜமாச் சொல்லு தாயி. சாப்பிட்டாச்சா?"

ஆச்சு என்பதற்குத்தான் அவள் உதடு அசைந்தது. அவன் அவள் வயிற்றில் காதை வைத்து, நீயாவது சொல் என்று அழுதான். வயிற்றுக்குச் சொல்ல ஆசைதான், சத்தியம் விடவில்லை. உள்ளே எதுவோ உருண்டு, "குர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தரம் மெதுவாக வந்தது. பிறகு நின்றுவிட்டது.

மூக்கன் அதற்குப் பிறகு பித்துப் பிடித்தவனாக ஊர் ஊராய்ப் போனான். கண்டவரையெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டான். ஆச்சு என்றவர்களை விடாமல் மறுபடி கேட்டான். சிலர் அடிக்க வந்தார்கள். பலர் இரண்டாம் தரத்தில், இல்லை என்றார்கள். அவன் செத்த பிறகு மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆடும் நாயும் சத்தியம் செய்யவில்லை. அவற்றின் வயிறு இன்றைக்கும் அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது. நம் வயிறுதான் சொல் இல்லாமல் உறுமுகிறது, எரிகிறது, கலங்குகிறது. நாமும் மூக்கனைப் போலவே, கஞ்சி புளித்திருக்கும் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம்.

வீட்டுக்கு வந்தவர் ஆச்சு என்று சொன்ன பிறகும், அவர் முகத்தைப் பார்த்து, "சும்மா சொல்லாதீங்க, நிஜமாச் சாப்பிட்டாச்சா?" என்று நாம் இன்னொரு தரம் கேட்பது, உலகம்மா செத்த அந்த நாளில் தொடங்கியதுதான்.