மந்திரி குடிபோன தெரு

முன்னொரு காலத்தில் ஆற்றோர நாடு ஒன்றை ஆண்ட செங்கோடன் என்ற அரசனுக்கு யாரையும் நம்பும் வழக்கம் இல்லை. தனக்கு வைத்த சோற்றை முதலில் சமையல்காரனை உண்ணச் சொல்வான். சமையல்காரன் நலமாக இருந்தால், இவன் ஏன் இத்தனை நலமாக இருக்கிறான் என்று யோசிப்பான்.

அந்த ஆண்டு வந்த வெள்ளம் கரையோரத் தெருக்களை அள்ளிக்கொண்டு போயிற்று. வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிற்று. வீட்டுக்காரர்கள் பழைய குடித்தனக்காரர்களை விரட்டிவிட்டு, கூடுதலாகத் தருபவர்களைத் தேடினார்கள்.

"ஒழுங்காக வாடகை கொடுப்பவரை எவரும் வெளியேற்றக் கூடாது" என்று அரசன் ஆணையிட்டான்.

மந்திரி உடையப்பர் தரையைத் தொடுமளவு குனிந்தார். "வீட்டுக்கு உரியவர் தாமே குடியேறுவதானால் மட்டும் விலக்கு அளிக்கலாம், அரசே."

அரசன் அதையும் சேர்த்துக்கொண்டான். அவைக்கள விகடன் தாண்டவனுக்கு மட்டும் அந்தக் குனிதல் உறுத்தியது. உடையப்பருக்கு ஒரு தெருவே சொந்தம்.

அந்தத் தெருவில் வெள்ளச் சேறு காய்வதற்குள் மந்திரியின் ஆட்கள் அங்கிருந்த அத்தனை பேரையும் வெளியே தள்ளினார்கள். "ஐயா குடிவரப் போறாரு" என்பதே காரணம். பூட்டிய வீடுகளை வெளியூர் வணிகர்கள் வந்து எட்டிப் பார்த்துப் போனார்கள்.

விரட்டப்பட்டவர்கள் கோயில் மண்டபத்தில் ஒண்டிக்கிடந்தார்கள். தாண்டவன் அங்கே போனபோது, பூக்கட்டும் காத்தாயி கைக்குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அரண்மனை ஆளு எதுக்கு வந்தீங்க? இங்கேருந்தும் விரட்டவா?"

"உதவ வந்தேன், தாயே."

"அப்படிச் சொன்னாத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

தாண்டவனால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

அவன் மண்டபத்துக்குப் போன செய்தி உடையப்பருக்கு எட்டியது. "தாண்டவன் மக்களைத் தூண்டிவிடுகிறான், அரசே" என்று கோள் மூட்டினார். அரசனின் கண்கள் சுருங்கின.

"தாண்டவா! அவர்கள்மேல் அத்தனை இரக்கமானால் நீயே வீடு கொடு. ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. கருவூலத்தைத் தொடக் கூடாது. அமாவாசைக்குள் முடியாவிட்டால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

"ஆகட்டும், அரசே. மந்திரியாரிடம் ஒன்று கேட்க அனுமதி வேண்டும். ஐயா, அந்தத் தெருவில் குடியேறப் போவது தாங்கள்தானா?"

உடையப்பர் தயங்கினார். கேள்வியில் என்ன ஒளிந்திருக்கிறதோ! ஆனால் இல்லையென்று சொன்னால் அரச ஆணையை மீறியதாகிவிடும்.

"நானேதான். என் குடும்பத்தார் அனைவரும்தான். இது அரியணைமேல் ஆணை."

மறுநாள் காலை உடையப்பர் தலைப்பாகை அவிழ அவைக்கு ஓடிவந்தார். "அநியாயம், அரசே! சட்டி பானையோடு ஒரு கூட்டமே என் மாளிகைக்குள் புகுந்துவிட்டது! அரண்மனைக் காவலரோடு முன்னால் நின்றவன் இந்தத் தாண்டவன்!"

"அது மந்திரியார் காலி செய்த வீடு, அரசே" என்றான் தாண்டவன். "குடும்பத்தோடு அந்தத் தெருவில் குடியேறுவதாகத் தங்கள் முன்னிலையில் அரியணைமேல் ஆணையிட்டார். இனிச் சும்மா கிடக்கப் போகிற மாளிகையில் இவர்களைக் குடிவைத்தேன். நான் செங்கல்லும் வைக்கவில்லை, கருவூலத்தையும் தொடவில்லை. இல்லை, மாளிகையில்தான் வசிக்கப் போகிறார் என்றால், நேற்று இட்ட ஆணை என்ன ஆணை என்று அவரே சொல்லட்டும்."

உடையப்பர் அவிழ்ந்த தலைப்பாகையை அள்ளிச் சுற்றிக்கொண்டார். அரசன் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உடையப்பர் அன்றே தெருவைப் பழைய வாடகைக்குத் திறந்துவிட்டு, மாளிகையை மீட்டுக்கொண்டார். தான் குடியேறுவதாகச் சொல்லி ஆளை வெளியேற்றிவிட்டுக் குடிபோகாதவரின் வீடு, வெளியேறியவருக்கே திரும்பும் என்று சட்டமும் இறுக்கப்பட்டது.

தாண்டவனுக்கு அரசன் சந்தைத் தெருவில் ஒரு பெரிய வீட்டைப் பரிசளித்தான். அவையே வாழ்த்தியது. நன்றி சொல்ல வந்திருந்த காத்தாயி மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வீட்டுல இப்ப யாரு குடியிருக்காங்க? அவங்களை என்ன பண்ணப் போறீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் தாண்டவன் திருதிருவென விழித்தான். அரசன் முன்னைவிடப் பலமாகச் சிரித்து, "சொல் தாண்டவா, நானும் கேட்கிறேன்" என்றான்.

"இருக்கிறவர்கள் இருக்கட்டும், அரசே" என்றான் தாண்டவன் அவசரமாக.

"அரியணைமேல் ஆணையா?" என்றாள் காத்தாயி.