செங்கோடன் கேட்ட போர்டு

மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் செங்கோடன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல எதுங்க டீச்சர் வாங்கறது?"

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு நீள மேசை, நாலு சால்டரிங் கோல், கிறீச்சிடும் ஃபேன். வாரம் பூராவும் ரேடியோ, மிக்ஸி, மோட்டார் என்று ரிப்பேர் பார்க்கும் ஜீனத், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேலை சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவளுடைய சீடர்களில் மூத்தவர் செங்கோடன், நாற்பத்தெட்டு. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். பிடிவாதத்திலும் அவர்தான் மூத்தவர் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேசைமேல் குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி மூன்று மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் கிடந்தன. ஒன்று கட்டைவிரல் அகலம். இன்னொன்று தீப்பெட்டி அளவு. மூன்றாவது உள்ளங்கை அளவு. அதில் சின்னதாக ஒரு திரைகூட உண்டு.

வீட்டில் அங்கங்கே வைக்கிற சென்சார்கள் சொல்லும் சேதியை ஒயர் இல்லாமல் வாங்கி, சேரவேண்டிய இடத்துக்கு அனுப்புகிற பெட்டி ஒன்று செய்ய வேண்டும். கேட்வே என்பார்கள். அதற்குள் எந்தப் போர்டை வைப்பது என்பதுதான் கேள்வி.

செங்கோடனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. போன வருஷம் வந்த காய்ச்சலோடு அவர் மனைவி பாவாயிக்கு மூக்கில் வாசம் போய்விட்டது. மல்லிகையும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. தை மாதத்தில் ஒருநாள் அடுப்பு அணைந்து கேஸ் கசிந்தது. அவள் பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மூடினாள்.

அதிலிருந்து பாவாயி தீக்குச்சியை உரசுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். அதைச் செங்கோடன் பார்த்துவிட்டார். பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தறியில் மனசு நிற்கவில்லை. தறி ஓடுகிற சத்தத்தில் போன் அடித்தாலும் காதில் விழாது. கேஸ் கசிந்தால் தறிக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"சின்னது என்னங்க பண்ணும்?"

"நாலஞ்சு சேதி கேக்கும். ஒரு விளக்குப் போடும். கரண்ட் போனாலும் சின்ன பேட்டரியில நாள் பூரா முழிச்சிருக்கும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"பெருசு?"

"நீங்க கேக்காததையும் பண்ணும்."

செங்கோடன் முகம் மலர்ந்துபோயிற்று.

"வீட்டுல அக்காவைக் கேட்டீங்களாண்ணா?" என்றாள் ஜீனத்.

"அவளுக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்?"

"கேட்டுட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்.

"கேட்டனுங்க. 'உப்புச் சாடியாட்டம் ஒண்ணு இருந்தாப் போதும்'ங்கறா. நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறன், அவ சாடியக் காட்டறா."

எல்லோரும் சிரித்தார்கள். ஜீனத் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன முடிவு பண்ணுனீங்க?"

"பெருசுதானுங்க. பொண்டாட்டி விசயத்துல கஞ்சத்தனம் பாக்கலாமுங்களா?"

"சரி, செய்யுங்க."

செய்தார். பதினைந்து நாளில் பெட்டி தயார். வகுப்பு மேசைமேல் வைத்து, சிகரெட் லைட்டரின் கேஸை சென்சார் பக்கம் காட்டினார். மேசையின் அந்தக் கோடியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். செங்கோடன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை பட்டுவிட்டது என்றார். அறையில் புகையே இல்லை.

வீட்டில் சென்சாரை அடுப்புக்குக் கீழே பொருத்தினார். தறிக்கூடம் சந்துக்கு அந்தப் பக்கம்தான். தறிக்கு மேலே விளக்கை மாட்டினார். பெட்டியைக் கூடத்து அலமாரித் தட்டில் வைத்தார்.

"பத்திரம் பாவாயி. ஒசந்த சாமான். தண்ணி பட்டுறக் கூடாது, கண்டவங்க கை படக் கூடாது, கேட்டுக்கிட்டயா?"

"கேட்டுக்கிட்டேன்."

வேலைக்குக் கிளம்பும்போது மறுபடியும் சொன்னார். மத்தியானம் சாப்பிட வந்தபோதும் சொன்னார்.

அதன்பிறகு செங்கோடன் தலையை நிமிர்த்தாமலே அறுந்த நூலை முடிச்சுப் போட்டார். விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கைப் பார்த்தாலே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் தறியில் பாவு நூல் தீர்ந்து, வேளைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் கேஸ் வாடை மூக்கில் அறைந்தது. பாவாயி முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டுவேறு இருந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. குமிழ் திறந்தபடி.

மூடினார். அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் கீரைத் தண்டு.

வாடை போனபின் உள்ளே போனார். அலமாரித் தட்டு காலி.

"பொட்டி எங்க?"

"பீரோவுல."

"பீரோவுலயா?"

"பட்டுச் சீலையில சுத்தி வெச்சுப் பூட்டியிருக்கறன். நீங்கதான பத்திரம் பத்திரம்னு மூணு தடவ சொன்னீங்க? ஒயரக் கதவிடுக்குல உட்டுப் பிளக்குல சொருகித்தான் இருக்குது. நான் நிறுத்தவே இல்லைங்க."

திறந்து பார்த்தார். கல்யாணப் புடவைக்குள், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இரும்பு பீரோவுக்குள்ளே அதற்குக் கேட்கவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை.

அவர் பாவாயியைத் திட்டவில்லை. அன்றைக்குச் சோறு கடையில்தான்.

ஞாயிறு வந்தது. வேறு யாரும் வருவதற்கு முன்னாலேயே செங்கோடன் படியேறினார். பெட்டியிலிருந்து பெரிய போர்டைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை ஜீனத் கையிலிருந்த வேலையைத் தொடவில்லை.

"அக்கா எப்படியிருக்காங்க?"

"அடுப்புகிட்டயே போகமாட்டேங்கறாளுங்க."

மேசையிலிருந்த மற்ற இரண்டு போர்டுகளையும் செங்கோடன் இழுத்து, பெரியதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"இரும்பு பீரோவுக்குள்ள இருந்தாலும் கேக்கறாப்பல, இதவிடப் பெருசு ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சர்? என்ன ஆனாலும் சரி, வாங்கிடறனுங்க. இல்லாட்டி இந்த மூணுல எதத்தான் வெக்கறது? இன்னைக்காச்சும் சொல்லுங்க."

"சொல்றேன். வாங்க, டீ குடிச்சுட்டு வந்துரலாம்."

ஜீனத் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். செங்கோடன் மேசையில் கிடந்ததைக் கொஞ்சம் ஒதுங்க வைத்துவிட்டு அவள் பின்னாலேயே இறங்கினார்.

எதிர்த்தாற்போல் டீக்கடை. டம்ளர் சூடாக இருந்தது. பாதி குடித்தாயிற்று.

"டீச்சர், சொல்றேன்னீங்களே."

"உங்க பாக்கெட்டுல என்னங்கண்ணா?"

செங்கோடன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பெரிய போர்டுங்க. அப்படியே உட்டுட்டு வர்றதுக்கு மனசு வரலைங்க."

"நடுவுலது?"

"டிராயருக்குள்ள வெச்சுச் சாத்திட்டுத்தான் வந்தனுங்க."

"சின்னது?"

செங்கோடன் வாயைத் திறந்தார். டம்ளர் பாதி வழியில் நின்றது. மேசையை ஒருமுறை மனசுக்குள் பார்த்தார். ஃபேன், சால்டரிங் கோல், ஈயக் கம்பி.

"அது… மேச மேலயே கெடக்குதுங்க போல."

"கதவு?"

"தெறந்துதானுங்க இருக்குது."

ஜீனத் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைப் பலகைமேல் வைத்தாள்.

"அந்தச் சின்னதை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா. உப்புச் சாடி பக்கத்துல வைங்க."