கண்மை அழிந்த இடம்

கோவையில் சௌடேஸ்வரி விசில் ஊதினால் பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும். விளையாட்டு ஆசிரியை ஆயிற்றே. ஆனால் துப்பாக்கிக் கழகத்துப் பட்டறையில் அவளும் ஒரு சிஷ்யைதான். குரு லாரன்ஸ் அவளைவிட இளையவன். அவள் அவனை மாஸ்டர் என்பாள், அவன் அவளை அக்கா என்பான்.

அன்று மாலை மாநில அணிக்குக் கடைசித் தேர்வு. அவள் கைக்கென்றே செய்த பிஸ்டலின் பேரல், அதாவது குண்டு பாயும் குழல், தேய்ந்து, குண்டு தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் புதுசாக வாங்கிய பேரலை அவளே அரத்தால் ராவி ராவி, விழப்போகிற பல் மாதிரி ஆட வைத்துவிட்டாள்.

லாரன்ஸ் இரண்டு பேரல்களை எடுத்து வைத்தான்.

"எது வேணுங்க, அக்கா?"

ஒன்று பிஸ்டலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று வாசலிலேயே நின்றுகொண்டது. அவளுக்கு முதலாவது பிடித்துப்போயிற்று.

"ஆட்டிப் பாருங்க."

ஆடியது. அவள் மற்றதை எடுத்தாள்.

"இறுக்கமா இது ஒண்ணுதான் இருக்குது. கெடுத்துட்டா, அடுத்தது கப்பல்லதான் வரோணும்."



"மாஸ்டர், அரத்தை எப்பக் கீழ வெக்கோணும்?"

"கண்மை வெச்சிருக்கீங்களா?"

கொடுத்தாள். அதைப் பேரலில் பூசி, பிஸ்டலுக்குள் அழுத்தி, வெளியே எடுத்தான். அங்கங்கே மை அழிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. சௌடேஸ்வரி அரத்தை எடுத்து நேரே கறுப்பின் மேல் வைத்தாள்.

லாரன்ஸ் அவள் கையைத் தடுத்தான்.

"இது என்ன அடிப்பிடிச்ச சட்டியா? மை அழிஞ்ச எடந்தான் முட்டுது. கறுப்பு தேமேன்னு இருக்குது."

அவளுக்குச் சுரீர் என்றது. போன மாதமும் விளக்குக் கரி பூசி, கறுப்பைத்தான் தேய்த்திருந்தாள்.

"சரி, அழிஞ்ச எடத்தையே தேய்க்கறேன். எது வரைக்கும்?"

"டீ குடிச்சுட்டு வந்துடறேனுங்க."

போயே போய்விட்டான். நல்ல நேரம் பார்த்தான் டீ குடிக்க! அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிறகு மை பூசினாள். அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள். அழிந்த இடத்தில் ஒரே ஒரு இழுப்பு. மறுபடி மை. மறுபடி ஒரு இழுப்பு.

திடீரென்று பேரல் உள்ளே போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. ஆட்டினாள், அசையவில்லை. இழுத்தாள், வெண்ணெயாகத் திறந்தது. அழகுக்கு இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாமே என்று கை துறுதுறுத்தது.

அரத்தைக் கீழே வைத்தாள்.

மாலையில் அவள் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. ஒரு பொட்டு ஒட்டினால் மறைந்துவிடும் ஓட்டை. முதலிடம் அவளுக்குத்தான்! பெயரை வாசித்ததும், கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து மைதானம் அதிர ஊதினாள். நடுவர்கள்கூட வரிசையில் நின்றுவிட்டார்களோ என்று தோன்றியது.

நேரே பட்டறைக்கு ஓடினாள்.

"மாஸ்டர், என்னைய டீம்ல எடுத்துட்டாங்க! ஆனா கேட்டதுக்கு மட்டும் நீங்க பதிலே சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"அரத்தை எப்பக் கீழ வெக்கோணும்னு."

"நீங்க எப்ப வெச்சீங்க?"

"டக்குனு பூட்டுச்சு. போதும்னு பட்டுது."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"டீக்கடையில."

"டீ பிரமாதமுங்க, அக்கா" என்றான் லாரன்ஸ்.