தாழைக்கோழி பார்த்த வால்

ஏரித் தண்ணீரோரக் கோரைப் புதரில் தாழைக்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு விடியலில் முட்டை ஒன்று காணாமல் போயிற்று.

கரைமேட்டு வளையில் ஒரு கீரி குட்டிகளோடு இருந்தது. எந்த மழைக்கும் நனையாத வளை. ஒரு நரிக்கு நெடுநாளாக அதன்மேல் கண். தாழைக்கோழியின் அழுகை கேட்டதும் நரி ஓடி வந்தது.

“அக்கா, என்ன பார்த்தீங்க?”

“தூக்கக் கலக்கம் தம்பி. கோரை அசைஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல.”

“அப்போ கீரியோட வால் நிமிர்ந்திருந்ததா, தாழ்ந்திருந்ததா?”

தாழைக்கோழி யோசித்தது. “தாழ்ந்துதான் இருந்திருக்கும்.”

“வாயில மஞ்சள் கரு ஒட்டியிருக்குமே?”

“மஞ்சளா ஏதோ... ஆமா!”

மறுநாளும் நரி வந்து கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. சொல்லச் சொல்ல, தாழைக்கோழியின் மனதில் கீரி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கரையேறித் திரும்பிப் பார்த்தது. வாயை நக்கியது.

பஞ்சாயத்து கூடியது. தலைவர் எருமை. தண்ணீரை விட்டு எழ மனமில்லாமல், ஏரியில் கிடந்தபடியே விசாரித்தது.

“என் கண்ணால பார்த்தேன்!” என்று அழுதது தாழைக்கோழி.

“அப்புறமென்ன? கீரி இன்னைக்கே வளையைக் காலி பண்ணட்டும்!” என்றது நரி.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கீரிக் குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

“எனக்கு முட்டை பிடிக்கும். மறைக்கல,” என்றது கீரி. “ஆனா இதை நான் தொடல. அக்கா, கூட்டுல போய் அன்னைக்கு மாதிரியே உட்காருங்க. நான் எதுவும் கேட்க மாட்டேன். தோணுறதை நீங்களே சொல்லுங்க.”

“வீண் வேலை!” என்றது நரி.

“உனக்கென்ன அவசரம்? உட்காரட்டும்,” என்றது எருமை.

தாழைக்கோழி கூட்டில் அமர்ந்து கண்ணை மூடியது.

“குளிர் அடிச்சுது. கூட்டோரம் நனைஞ்சுது. காலடிச் சத்தமே இல்ல. கோரை ஒண்ணொண்ணா வளைஞ்சுது... தண்ணிப் பக்கமா.”

கண்ணைத் திறந்து கரையைத் தேடியது. சுற்றிலும் கோரைதான்.

“ஐயோ, இங்கேருந்து கரையே தெரியலையே! அந்த வாலை எப்படிப் பார்த்தேன்?”

“அப்போ சொன்னது பொய்யா?” என்று கத்தியது ஒரு தவளை.

“இல்லப்பா. இப்பவும் அந்த வால் கண்ணுக்குள்ளேயே நிக்குது. அதுதான் பயமா இருக்கு.”

“வால்னு முதல்ல சொன்னது யாரு?” என்றது எருமை.

தாழைக்கோழி நரியைப் பார்த்தது.

“நான் கேள்விதானே கேட்டேன்!”

“கேட்டுக் கேட்டே கெடுத்தியே. போ இங்கேருந்து!” என்று கொம்பை ஆட்டியது எருமை. பிறகு, “சத்தமில்லாம வந்து தண்ணிக்குள்ள போறது சாரைப் பாம்புதான். மிச்ச முட்டைக்கும் வரும்,” என்றது.

கீரி மீசையை நீவிக்கொண்டது. “வரட்டுமே! நான் இங்கேதானே இருக்கேன்.”

தாழைக்கோழி தலைகுனிந்தது. “உன்னைத் துரத்தியிருந்தா என் குஞ்சுகளுக்கு யாரு காவல்?”

மாலையில் மழை கொட்டியது. குட்டிகள் வளைக்குள் கதகதப்பாகத் தூங்கின. கீரி கோரையோரம் காவலிருந்தது. தாழைக்கோழி நிம்மதியாக முட்டைகளின்மேல் அமர்ந்தது.

கண்ணால் கண்டதோடு காதில் விழுந்ததையும் நினைவு கலந்துவிடும் என்பதால், மனதில் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் யார்மீதும் குற்றம் சுமத்தக் கூடாது.