பூஜ்யத்தில் வைத்த தண்ணீர்

சிஷ்யைக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்து நான்கு. அதனால் சிஷ்யை குருவை ‘மேடம்’ என்பாள், குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். கோவில்பட்டியில் குரு வேலை பார்க்கும் கல்லூரிக்கு வந்து இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அவர்கள் இருவரும் மட்டும் சிரித்ததில்லை.

சிஷ்யையின் பெயர் செண்பகவல்லி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மூத்த மகள் போன பிறகு சாயங்கால நேரத்து வீட்டைத் தாங்க முடியாமல் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவள். கரிசல் காட்டுக் கிணறுகளில் எவ்வளவு இரும்பு கலந்திருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. குரு தாஹிரா. அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கமும் அவளிடம் கிடையாது.

அன்று சனிக்கிழமை. செண்பகவல்லி தோளில் மாட்டிய பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மேடம், பெத்த பிள்ளை மேல ஒருத்திக்குப் பாசம் வத்திப் போகுமா?”

தாஹிரா நிமிர்ந்து பார்த்தாள். “யாருக்குக்கா?”

“எனக்குத்தான்.”

செண்பகவல்லிக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் மாலினி, பிளஸ் டூ படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனாள். இளையவள் தர்ஷினி. மைசூரில் வேலை கிடைத்து, அன்று சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறாள். காலையில் பெட்டியை மூடிக்கொண்டே அம்மாவிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள்.

“‘ஸ்டேஷனுக்கு நீங்க வர வேண்டாம்மா, நீங்க வந்தா அக்காவைத்தான் வழியனுப்புவீங்க’ங்கிறா மேடம். கோபமாக்கூடச் சொல்லல. சாதாரணமாச் சொல்றா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? உண்மையத்தானே சொல்றா. அவ என்ன செஞ்சாலும் எனக்குக் குறையாத்தான் படுது. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போவா. மாலினி அப்படிச் செய்யவே மாட்டா. இவ நல்ல மார்க் வாங்கிட்டு வந்து நின்னா, மாலினி இன்னும் கூட வாங்கியிருப்பாளேன்னு தோணும். வேலை கிடைச்சிருச்சுன்னு ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறா. அப்பவும்...”

தோள்பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாலினியின் பள்ளிக்கூடத் துப்பட்டா ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் செண்பகவல்லி அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். பாச்சா உருண்டை வாசனைதான் வரும். ஆனாலும் வைத்துக்கொள்வாள். பெற்ற வயிற்றின் ஏக்கம், வாசனை இல்லையென்றால் விட்டுவிடுமா?

தாஹிரா எழுந்தாள். “முதல்ல தண்ணியைப் பாத்துருவோம்க்கா.”

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பார்க்கச் சொல்கிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பையை இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வேலை கடினமானதல்ல. கிணற்றுத் தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தால், இரும்பு இருக்கும் அளவுக்குச் செக்கச் சிவந்துவிடும். அதைச் சின்னஞ்சிறு சதுரக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மிஷினுக்குள் வைக்க வேண்டும். மிஷின் எல்லா ஒளியையும் அனுப்பாது. ஐந்நூற்றுப் பத்து நானோமீட்டர் அலைநீளம் என்று சொன்னால் அந்தப் பச்சை ஒளியை மட்டும் பிரித்து அனுப்பும். சிவந்த தண்ணீர் பச்சை ஒளியைக் குடித்துவிடும். இந்தப் பக்கம் போன ஒளியில் எவ்வளவு அந்தப் பக்கம் வந்து சேரவில்லை என்று பார்த்தால், எவ்வளவு இரும்பு என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. இரும்பே இல்லாத வடிநீரில் அதே மருந்தைக் கலந்து முதலில் உள்ளே வைத்து, ‘இதுதான் பூஜ்யம்’ என்று மிஷினுக்குச் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்துதான் மிஷின் மற்றதை எண்ணும்.

செண்பகவல்லி ஒரு குப்பியை எடுத்து வைத்தாள். மூடியைச் சாத்தினாள். கண் செல்போன் மேல் இருந்தது. தர்ஷினியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பொத்தானை அமுக்கினாள். பூஜ்யம் என்று காட்டியது.

தாஹிரா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அடுத்து ஒரு கிணற்றுத் தண்ணீரை வைத்தாள். மைனஸ் என்று காட்டியது. குப்பியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே மைனஸ். அதற்கடுத்த கிணறும் மைனஸ்.

“மிஷினு கெட்டுப்போச்சு மேடம்.”

“மிச்சத்தையும் பாருங்கக்கா.”

ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு கிணறாவது பூஜ்யத்தைத் தொடவில்லை. செண்பகவல்லிக்கு எரிச்சல் தலைக்கேறியது. “என்ன தண்ணியோ, என்ன கிணறோ! வேகாத வெயில்ல அலைஞ்சு கொண்டாந்தேன், ஒண்ணாவது உருப்படியா இருக்கா பாருங்க!”

“இதையும் வைங்க.” தாஹிரா ஒரு குப்பியை நீட்டினாள். நிறமே இல்லாமல் தெளிந்திருந்தது.

செண்பகவல்லி வாங்கி வைத்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமான மைனஸ்.

“இதுல என்ன இருக்குக்கா?”

“ஒண்ணுமே இல்லையே. வடிநீர்...”

“ஒண்ணுமே இல்லாத நல்ல தண்ணி, ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழ எப்படிப் போகும்?”

செண்பகவல்லி மேஜையைப் பார்த்தாள். முதலில் வைத்து எடுத்த குப்பி ஓரமாக இருந்தது. அது வடிநீர் அல்ல. தெற்குத் தோப்புக் கிணற்றுத் தண்ணீர். இருப்பதிலேயே அடர்ந்த சிவப்பு.

“ஐயோ, இதையா பூஜ்யத்துல வச்சேன்?”

“ஆமாக்கா.”

“பாத்தீங்களா நீங்க?”

“பொத்தானை அமுக்கும்போதே பாத்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல மேடம்? பாவம், எல்லாக் கிணத்தையும் திட்டித் தீர்த்துட்டேனே!”

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் பெண்பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செண்பகவல்லி அந்தச் சிவப்புக் குப்பியைக் கையில் எடுத்தாள்.

“அப்போ இதைத் தூக்கி ஊத்திரவா மேடம்?” என்று கேட்டாள். தண்ணீரைப் பற்றித்தான் கேட்டாள்.

“எதுக்குக்கா ஊத்தணும்? அதுவும் நல்ல தண்ணிதான்.” தாஹிரா வடிநீர்க் குப்பியை மிஷினுக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். பூஜ்யம். “அதை வரிசையில வைங்க. மத்ததை அளக்கிற மாதிரி அதையும் அளப்போம். அதுக்கும் ஒரு அளவு வரும்.”

செண்பகவல்லி குப்பியை மற்றக் குப்பிகளின் நடுவே வைத்தாள். அளக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். என்னவோ கண்ணுக்குள் வந்தது. காலை நேரத்துக் கட்டில். நனைந்த தலையணை. அடுக்களையிலிருந்து தான் கத்தும் சத்தம். அப்போது தர்ஷினி பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை. அப்படியானால் கத்தியது யாரைப் பார்த்து?

“மேடம்...”

“சொல்லுங்கக்கா.”

“மாலினியும் ஈரத் துண்டைக் கட்டில்லதான் போடுவா.”

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருடங்களில் அழாத அழுகை. துண்டைப் போட்டுவிட்டு ஓடுகிற, திட்டு வாங்குகிற, வாய்க்கு வாய் பேசுகிற அந்தப் பழைய மாலினி வேண்டும்போல் இருந்தது. அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவள் பின்னாலேயே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய சின்னவளைப் பார்த்தும் அத்தனை நாளாயிற்று.

தாஹிரா அவள் பையை எடுத்து வந்து தோளில் மாட்டிவிட்டாள்.

“இன்னும் ஒரு கிணறுகூட அளக்கலையே மேடம்.”

“கிணறு எங்கயும் போகாதுக்கா. ரயிலு போயிரும்.”