எதற்கென்று எழுதாத பத்திரம்

ஆவாரந்தாங்கல் பேரூராட்சியில் பழைய சந்தைத் திடலை விற்பதா, வேண்டாமா என்று வாக்கெடுத்தார்கள். விற்கலாம் என்றவர்கள் ஏழு பேர். கூடாது என்றவர்களும் ஏழு பேர். சந்தை புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால், அந்த மூன்று ஏக்கருக்கு அலுவலகக் கோப்பில் ‘உபரி நிலம்’ என்று பெயர் விழுந்திருந்தது. இனித் தலைவர் மரகதவல்லியின் ஒரு வாக்குதான் பாக்கி. அவர் கூட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தம் ஆசிரியை தேவசேனை அம்மையாரைப் பார்க்கப் போனார்.

காரணம் இருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் திடலை ஊருக்குத் தானமாகக் கொடுத்தவரே அம்மையார்தான். கொடுத்த கையோடு ஊர் எல்லையில் ஒரு சிறு மடத்தில் குடியேறிவிட்டார். மரகதவல்லி இருபது ஆண்டுகளாக அவரிடம் பாடம் கேட்பவர்.

அம்மையார் தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

“தலைவர் நடந்தே வந்திருக்கிறார். ஜீப் என்ன ஆயிற்று?”

“ஜீப்பில் வந்தால் யாரைப் பார்க்க வந்தேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அம்மா.”

“நடந்து வந்தால் தெரியாதாக்கும்.”

மரகதவல்லி பையிலிருந்து பத்திரத்தின் நகலை எடுத்தார்.

“இதை நான்கு முறை படித்துவிட்டேன். திடலைக் கொடுத்திருக்கிறீர்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் என்ன நினைத்துக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், போதும். நாளைக் கூட்டத்தில் அதையே சொல்லி முடித்துவிடுவேன்.”

“தீர்மானப் புத்தகத்தில் யார் முடித்ததாக எழுதுவார்கள்? நீங்களா, நானா?”

மரகதவல்லி வடக்குப் பக்கம் கைகாட்டினார்.

“வடக்குத் தெருக்களில் இன்னும் குழாய் இல்லை, அம்மா. லாரி வந்தால் தண்ணீர். வராத அன்று பெண்கள் குடத்தோடு ஏரிக்கரை வரை நடக்கிறார்கள். நானும் அந்தத் தெருதான். மூன்று ஆண்டில் குழாய் வரும் என்று வீடு வீடாகச் சொல்லி வாக்கு வாங்கினேன். இது மூன்றாம் ஆண்டு. திடலை விற்றால் குழாய் வந்துவிடும். மேலே எழுதிப் போட்ட மனுக்களுக்கு எப்போது பதில் வரும் என்று தெரியாது.”

“விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே.”

“விற்கச் சொல்லவும் மாட்டீர்கள். உங்களுக்குக் கிணறு இருக்கிறது.”

அம்மையார் நிமிர்ந்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

“பின்கதவுச் சாவி. நாளையிலிருந்து உங்கள் தெருக்காரர்கள் வந்து இறைத்துக்கொள்ளட்டும். இதை நீங்கள் முன்பே கேட்டிருக்கலாம்.”

“நீங்கள் முன்பே கொடுத்திருக்கலாம்.”

“கொடுத்திருக்கலாம்” என்று ஒப்புக்கொண்டார் அம்மையார். “கோடை வரை தாங்கும். அதற்கு மேல் ஊறாது.”

இருவரும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

“முதலில் ‘பள்ளிக்கூடத்துக்கு’ என்றுதான் எழுதச் சொன்னேன்” என்றார் அம்மையார். “கையெழுத்துப் போடும் நேரத்தில் மனம் வரவில்லை. வேறு முத்திரைத்தாள் வாங்கிவரச் சொன்னேன். பத்திர எழுத்தருக்கு ஒரே எரிச்சல். ‘எதற்கென்று தெரியாமலா மூன்று ஏக்கரைக் கொடுக்கிறீர்கள்?’ என்றார். ‘தெரியாது’ என்றேன். மறு ஆண்டே பள்ளிக்கு வேறொருவர் இடம் கொடுத்தார். வெள்ளத்தில் வீடு போனவர்கள் எட்டு மாதம் திடலில் இருந்தார்கள். பிறகு சந்தை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊர் கூடிச் சண்டை போட்டுத்தான் முடிவெடுத்தது. ஒரு தலைவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அவர்களுக்கெல்லாம் உங்களைவிடத் துணிச்சல் அதிகம்.”

மரகதவல்லி சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை.

“அவர்கள் யாருக்கும் விற்கும் நிலை வரவில்லை. நீங்கள் அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்தத் தலைவலி இல்லை.”

“அந்தத் தலைவலியைத்தான் நான் ஊருக்குக் கொடுத்தேன்.”

மரகதவல்லி பத்திர நகலை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார்.

“நாளை நான் விற்பதற்கு வாக்களித்தால்?”

“குழாய் வரும். உங்கள் சொல் நிற்கும்.”

“அப்புறம்?”

“அடுத்த தலைவருக்கு முடிவு செய்ய ஒன்றும் இருக்காது. நிம்மதியாகத் தூங்குவார்.”