மண் வைக்காத கூடு

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் வரியன் என்ற அணில் குடியிருந்தான். அடுத்த கிளையில் செல்வி என்ற சில்லைக் குருவி குடியிருந்தாள். இரண்டு கிளைக்கும் நடுவே ஒரு தாவு தூரம்தான். வந்த வினையெல்லாம் அந்த ஒரு தாவு தூரத்தால் வந்தது. காட்டின் அந்தக் கோடியில் யாரோ எதையோ வாங்கினால் நமக்கு வலிப்பதில்லை. பக்கத்துக் கிளையில் வாங்கினால்தான் வயிறு எரிகிறது.

அந்தக் காட்டில் வீடு என்றால் தூக்கணாங்குருவிகள் பின்னி விற்கும் கூடுதான். மற்றவர்கள் கூடு கட்டமாட்டார்களா என்றால், கட்டுவார்கள். காகம்கூடக் கட்டும். ஆனால் காகம் கட்டியதில் குடியிருப்பதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் குளக்கரையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்ப்புக்கும் சேர்த்துத்தான் விலை.

அந்தக் கூட்டை முதலில் பின்னியவர் நாரப்பன் என்ற தூக்கணாங்குருவி. மகா கோபக்காரர். ஒரு நார் கோணலாகப் போனாலும் முழுக் கூட்டையும் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார். கூட்டின் உள்ளே ஒரு உருண்டை ஈரமண்ணை அப்பி வைப்பது அவருடைய யோசனை. அந்தக் கனம் இருந்தால் எந்தக் காற்றிலும் கூடு தலைகீழாகப் புரளாது.

நாரப்பன் செத்துப்போன பிறகு பொன்னுச்சி என்ற இன்னொரு தூக்கணாங்குருவி அந்தக் கூடு வியாபாரத்தின் தலைமைக்கு வந்தார். பொன்னுச்சி தன் அலகால் ஒரு நார் பின்னி யாரும் பார்த்ததில்லை. எந்த மரத்தில் நார் கிழித்தால் மலிவு, யாரிடம் எத்தனை கம்பங்கதிர் விலை கேட்டால் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வந்த பிறகு கூடுகள் முன்னைவிட அதிகம் விற்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் வரியன் ஒரு கூடு வாங்கினான். அந்த மரத்தில் முதல் கூடு அதுதான். பார்க்க வந்தவர்களையெல்லாம் உள்ளே தலையை விட்டுப் பார்க்கச் சொன்னான். தூங்கிக்கொண்டிருந்த ஓணானைக்கூட எழுப்பிக் கூட்டிவந்து காட்டினான். கூடு பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் வரியனைத்தான் கேட்பார்கள். அவன் வால் எப்போதும் தூக்கியபடியே இருந்தது.

இந்த வருஷம் பொன்னுச்சி புதுக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். நார் மெலிசு, நிறம் பொன். வாசல் ஒரு நீண்ட குழாயாகக் கீழே தொங்கியது. அதில் பாம்பு ஏற முடியாது, வல்லூறு கால்விட முடியாது. விலை மட்டும் இரண்டு மடங்கு. முக்கியமான இன்னொன்று, உள்ளே மண் இல்லை. கையில் எடுத்தால் எடையே தெரியாது என்று அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். மண் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்குத் தனியாக விற்கப்படும், அதற்குப் பத்துக் கதிர் என்றார்கள். குளக்கரை முழுக்க மண்தான் கிடக்கிறது. ஆனாலும் பத்துக் கதிர் என்றார்கள்.

செல்வியின் துணையை வல்லூறு கொண்டுபோய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. வயிற்றில் முட்டை. அந்த நீண்ட வாசலைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. துணையும் அவளுமாக ஒரு அறுவடை முழுக்கச் சேர்த்த கம்பங்கதிரை அப்படியே கொட்டிக் கூட்டை வாங்கினாள். மண்ணுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. விற்க வந்த குருவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மண்ணெல்லாம் நாரப்பன் காலத்துப் பழக்கம், இந்தக் கூட்டுக்குத் தேவைப்படாது என்று அவன் சொல்லிவிட்டான்.

கூட்டைத் தொங்கவிட்ட அன்று மரமே திரண்டு வந்தது. எல்லோரும் வரியனின் கூட்டைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. போன வருஷம் மூன்று முறை தலைவிட்டுப் பார்த்த மரங்கொத்தி, வழியில் இடிக்கிறதே என்று அதை ஒதுக்கிவிட்டுப் போனது.

வரியனுக்கு அன்றைக்குக் கொய்யா கசந்தது. விற்க வந்த குருவியை மெல்லத் தனியே அழைத்து, என் கூட்டை எடுத்துக்கொண்டு புதியது தருவீர்களா என்று விசாரித்தான். விற்க வந்தவன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு கதிர் கழித்துக்கொள்ளலாம் என்றான். அதுவும் நார் இற்றுப்போகாமல் இருந்தால்.

இரண்டு கதிர்! வரியன் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து குளக்கரையில் பேச்சு தொடங்கியது. தொடங்கியவன் வரியன்தான். பொன்னுச்சிக்குக் கூடு பின்னத் தெரியுமா, நாரப்பன் இருந்திருந்தால் இப்படி ஒரு கூட்டை வெளியே விட்டிருப்பாரா, ஒரு வாசலை நீட்டிவிட்டு இரண்டு மடங்கு கேட்பது பகற்கொள்ளை இல்லையா என்று அடுக்கினான். தவளைக்கு வாய்க்கு வேலை கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றது. நீர்க்கோழி பொன்னுச்சிக்குப் பரிந்து பேசியது. விருப்பமிருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் போ, உன்னை யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்டது. நாரப்பன் கட்சி, பொன்னுச்சி கட்சி என்று குளமே இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கட்சியிலும் பாதிப்பேர் பொந்திலும் சேற்றிலும் குடியிருப்பவர்கள். ஆமை மட்டும் எதிலும் சேரவில்லை. தான் பிறந்தபோது வந்த வீட்டையே இன்னும் மாற்றவில்லை என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வரியன் சொன்ன குறைகளுக்குக் கணக்கே இல்லை. நிறம் கண்ணைக் குத்துகிறது என்றான். நார் நாறுகிறது என்றான். ஒருநாள் வாசல் ரொம்ப நீளம் என்றான், மறுநாள் பேச்சு சுவாரசியத்தில் ரொம்பக் கட்டை என்றும் சொன்னான். பொன்னுச்சியின் கொண்டையைக்கூட விடவில்லை. இத்தனைக்கும் நடுவில் உள்ளே மண் இல்லை, காற்று வந்தால் புரண்டுவிடும் என்றும் சொன்னான். அது ஒன்றுதான் உண்மை. அது உண்மை என்று அவனுக்கே தெரியும். போன ஆடிக்காற்றில் மற்ற எல்லாம் ஆடியபோது, உள்ளே மண் இருந்த அவன் கூடு அசையாமல் நின்றது. ஆனால் அதையும் கொண்டையைச் சொன்ன அதே வாயால், அதே சிரிப்போடு சொன்னான். கேட்டவர்களும் அதே மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள்.

செல்வியின் காதில் எல்லாமே விழுந்தன. ஒரு தாவு தூரம்தானே. முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அவன் பார்க்கிற நேரமாகப் பார்த்து வாசலில் உட்கார்ந்து இறகு கோதினாள். எவ்வளவு வசதி, எவ்வளவு லேசு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் காதுபடச் சொன்னாள்.

ஆனால் கூடு ஆடியது. சும்மா ஒரு தென்றல் வந்தாலே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. குடியிருப்பவளுக்குத் தெரியாதா? ஒருநாள் விடியற்காலையில் யாரும் எழும்புமுன் கரைக்குப் பறந்து போய் ஒரு வாய் ஈரமண்ணை அள்ளினாள். அவ்வளவுதான் வேலை. நாலு நடை போய்வந்தால் முடிந்துபோகும்.

வரியன் விழித்துத்தான் இருந்தான். பொறாமைக்காரனுக்குத் தூக்கம் ஏது?

"எல்லாரும் வந்து பாருங்க!" என்று கிளையில் நின்று கத்தினான். "ரெட்டை விலை குடுத்து வாங்கின கூட்டுக்குச் செல்வி சேறு பூசப் போறா!"

தவளை சிரித்தது. நீர்க்கோழியும் சிரித்துவிட்டது. தன் கட்சி ஆள் என்று அது பார்க்கவில்லை. செல்வி மண்ணைத் துப்பினாள். தண்ணீர் குடிக்க வந்தேன், வாயில் ஒட்டிவிட்டது என்றாள். அன்று மட்டுமல்ல, அதன் பிறகும் அவள் மண் பக்கம் போகவில்லை. அன்றைக்கு வரியன் வயிறு நிறையக் கொய்யா தின்றான்.

செல்வி நான்கு முட்டை இட்டாள். மறைந்துபோன துணையின் ஞாபகமாக அவளுக்கு மிஞ்சியிருந்தவை அவை மட்டும்தான். இரைக்குப் போனாலும் நெல் ஒன்றைக் கொத்தி ஓடிவந்துவிடுவாள்.

ஆடிக்காற்று அந்த வருஷம் மேற்கேயிருந்து இரைந்துகொண்டு வந்தது. நடுப்பகலிலேயே குளம் கறுத்தது. வரியன் தன் கூட்டுக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். அவன் கூடு லேசாக அசைந்து நின்றுவிட்டது. எதிரே பொன்நிறக் கூடு பக்கவாட்டில் படுத்துப் படுத்து எழுந்தது. முதலில் அவனுக்கு இனித்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமே, இனிக்கத்தான் செய்தது. நான் சொன்னேன் பார் என்று யாரிடமாவது சொல்ல நாக்கு துடித்தது.

பிறகு நார் இடுக்கு வழியே செல்வி தெரிந்தாள். இரண்டு சிறகையும் விரித்து முட்டைகளை அணைத்திருந்தாள். காலால் சுவரைப் பற்றியிருந்தாள். அலகு திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

செல்வி மண் அள்ளிய அந்த விடியற்காலையில் தான் கத்தியிராவிட்டால் இந்நேரம் அந்தக் கூட்டுக்குள் மண் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் வரியனுக்கு உறைத்தது. அடுத்த நொடி மரத்திலிருந்து இறங்கி ஓடினான். கரையில் இரண்டு கன்னமும் கொள்ளுமட்டும் ஈரமண்ணை அடைத்துக்கொண்டான். காற்று அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எப்படியோ செல்வியின் கிளைக்கு ஏறி, கூட்டைக் கட்டிப்பிடித்து இறங்கி, நீண்ட வாசலுக்குள் தலையை நுழைத்தான்.

செல்வி பார்த்தது இதைத்தான்: வாசலில் வரியனின் முகம், உப்பிய கன்னங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். இத்தனை நாளும் அந்த முகத்தில் அவள் வேறு எதைப் பார்த்தாள்? முட்டை திருடுகிற அணில்களைப் பற்றியும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். பாய்ந்து மூக்கில் ஒரு கொத்துக் கொத்தினாள். வலியில் அவன் வாயைத் திறந்தான். மண் முழுவதும் குழாய் வழியே குளத்தில் விழுந்தது.

"மண்ணு, தங்கச்சி! உள்ளே வைக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றான்.

"இன்னுமா அந்த மண்ணை நீ விடலை?" என்றாள் செல்வி. "வேடிக்கை பார்க்க வந்தவன் தூரமா நின்னு பாரு. உள்ளே வராதே."

அவன் சத்தியம் செய்தான். கெஞ்சினான். அவள் வாசலை மார்பால் அடைத்துக்கொண்டாள். அவன் இன்னொரு முறை கீழே ஓடி மண் அள்ளி நிமிர்ந்தபோது பெரிய காற்று வந்தது. பொன்நிறக் கூடு ஒருமுறை எழும்பித் தலைகீழாகப் புரண்டது. வாசலை அடைத்திருந்த செல்வியின் பிடி நழுவியது. குழாய் மேலே போய், மறுபடி கீழே வந்தது. பாம்பு ஏற முடியாத அந்த வழுக்குக் குழாயில் நான்கு முட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக் குளத்தில் விழுந்தன. அந்தக் காற்றில் அவை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காற்று ஓய்ந்ததும் குளக்கரையில் மறுபடி கூட்டம். தப்பு பொன்னுச்சி மேலா, மண் வாங்காத செல்வி மேலா என்று இரண்டு கட்சியும் மோதிக்கொண்டன. பொன்னுச்சியே நேரில் வந்தார். நடந்ததற்கு மிகவும் வருந்துவதாகச் சொன்னார். மண் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளும்படி முன்பே சொல்லியிருந்தோமே என்றும் சொன்னார். அதே மூச்சில், அடுத்து வரும் கூட்டில் மண்ணை உள்ளேயே வைத்துத் தருவதாகவும் அதற்கு விலை சற்றுக் கூடும் என்றும் அறிவித்தார். நீர்க்கோழி முதல் ஆளாக வரிசையில் போய் நின்றது. அதன் பின்னால் தவளையும் நின்றது. கூட்டில் குடியிருக்கத் தனக்கு வழியே இல்லை என்பது தவளைக்கு அப்போது நினைவில்லை.

"வரியா, நீதானே அன்னைக்கே சொன்னே! வந்து நாலு வார்த்தை பேசு" என்று தவளை வரிசையில் நின்றபடியே கூப்பிட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளும் வரியன் ஏங்கியது அந்தத் திரும்பிப் பார்ப்புக்குத்தான். அவன் அந்தப் பக்கம் போகவில்லை. செல்வி உட்கார்ந்திருந்த மொட்டைக் கிளைக்குப் போனான். பக்கத்தில் உட்காரத் துணியாமல் தள்ளி நின்றான்.

"நான் சொன்னது பொய் இல்லை, தங்கச்சி. மண்ணு இல்லாட்டி புரளும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றான்.

செல்வி குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடு ஆடுறது எனக்கும்தான் தெரிஞ்சுது, அண்ணே. வேற யாரு சொல்லியிருந்தாலும் அன்னைக்கே நாலு வாய் மண்ணை வச்சிருப்பேன். நீ சொன்னேங்கிறதாலதான் வைக்கலை."

அவள் பறந்து போனாள். குளத்துக்கு அப்பால், எந்தக் கூடும் தொங்காத ஒரு மரத்துக்குப் போனாள். வரியன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மூக்கில் கொத்துப்பட்ட இடம் இன்னும் எரிந்தது.

பொறாமையில் நூறு குறை சொல்கிறவன், அதில் ஒன்று உண்மையாகவே இருந்தாலும், அதைக் கேட்டுப் பிழைக்க வேண்டியவரின் காதைத் தானே அடைத்துவிடுகிறான்.